பீடியை விடுகிறவனுக்கு நாம் ஏன் பணம் தர வேண்டும்?

சேலத்துக்காரர்களுக்கு, பிறருடைய பழக்கத்தைத் திருத்துவதற்காகத் தம் பையிலிருந்து பணம் கொடுப்பது புதிய அனுபவம் அன்று. சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த இராஜாஜி, தாம் வக்கீல் தொழில் செய்து நகராட்சித் தலைவராகவும் இருந்த சேலத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று, மாகாணத்திலேயே முதல் மாவட்டமாக மதுவிலக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. கள்ளிலும் சாராயத்திலும் வந்துகொண்டிருந்த வருமானம் நின்றுபோனதால் கஜானாவில் விழுந்த பள்ளத்தை அடைப்பதற்கு 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அதாவது, ஒருவர் குடிக்காமல் இருப்பதற்கான செலவை, குடியையே அறியாத வியாபாரியும் அவரிடம் சரக்கு வாங்கியவரும் சேர்ந்து கட்டத் தொடங்கினார்கள். அந்த வரியின் வழிவந்த ஜி.எஸ்.டி. கணக்கை எழுதித்தான், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே நான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குத் தொழில்முறையிலேயே ஓர் அக்கறை உண்டு.

ஒரு பழக்கத்தைத் தடை செய்வதற்குப் பொதுப்பணம் செலவானால் நாம் பொறுத்துக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தால் வந்த நோய்க்கு மருந்து கொடுக்கச் செலவானாலும் பொறுத்துக்கொள்கிறோம். அதே பணத்தை எடுத்து, 'நீ புகையை விட்டால் இது உனக்கு' என்று ஒருவர் கையில் கொடுக்கப் போவதாகச் சொன்னால் மட்டும் நம்மில் பெரும்பாலோர் முகம் சுளிக்கிறோம். இந்தச் சுளிப்பை நான் கிட்டத்திலிருந்து பார்த்தது, கணக்கு எழுதப் போகும் ஒரு பட்டறையில்.

அந்தப் பட்டறையின் முதலாளிக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சிகரெட்டை விட்ட பிறகு, அவரைப் போன்றவர்களுக்கு வழக்கமாக வருகிற வேகம் அவருக்கும் வந்தது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரத்தில், சம்பளம் கொடுக்கும்போது எல்லோரையும் நிற்க வைத்து, பீடி, சிகரெட், புகையிலை மூன்றையும் அன்றோடு விட்டு, தீபாவளி வரை தொடாமல் இருப்பவருக்குப் போனஸுக்கு மேல் 3,000 ரூபாய் தருவதாக அறிவித்தார். கைதட்டலை எதிர்பார்த்திருப்பார் போலும்.

முதலில் வாயைத் திறந்தவர், வெள்ளியைப் பற்றவைக்கிற வேலையில் அங்கேயே தலை நரைத்த ஒரு பெரியவர். "நான் முப்பது வருஷமா வெத்தல பாக்கு கூடப் போடறதில்லீங்க முதலாளி. கெட்டுப் போனவனுக்குக் காசு, கெடாதவனுக்கு வெறுங்கையா? அப்படின்னா நாளைக்கே ஒரு கட்டு வாங்கி ஆரம்பிக்கிறேன், அடுத்த வாரம் விட்டுடறேன், எனக்கும் குடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. இரண்டாவதாகப் பேசியவர் புகைப்பவர், பணம் வரப்போகிறதே என்று மகிழ்வார் என நினைத்தால், "எங்க ஒடம்புக்கு வெல பேசறீங்களா?" என்று முறைத்தார். ஓர் இளைஞன், "எப்படிங்க கண்டுபிடிப்பீங்க? போலீஸ்காரன் மாதிரி வாய ஊதச் சொல்வீங்களா?" என்று கேட்டான். உள்ளிருந்து வந்த முதலாளியின் மனைவி, "காசா இவுங்க கையில குடுத்தா நேரா டாஸ்மாக்குக்குத்தான் போகும், குடுக்கறதா இருந்தா பொம்பளைங்ககிட்டக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நியாயம், மானம், ஏமாற்று, ரொக்கத்தின் மீதான அவநம்பிக்கை: ஒரு சம்பள நாளில், கால் மணி நேரத்துக்குள் இந்த நான்கும் வந்துவிட்டன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் கருத்துக் கணிப்பு நடத்திக் கண்டறிந்ததும் ஏறத்தாழ இவைதான். 2011-இல் வெளியான ஒரு கணிப்பில், உடல் எடையைக் குறைப்பதிலும் புகையை விடுவதிலும் பணமும் மாத்திரையும் ஒரே அளவு பலன் தரும் என்று சொல்லிக் கேட்டபோதுகூட, மக்கள் மாத்திரையைத்தான் கூடுதலாக ஏற்றார்கள். மறு ஆண்டு வெளிவந்த இன்னொன்றில், பலன் கூடக்கூட எதிர்ப்பு குறைந்தது. ரொக்கத்தை விட மளிகைக்கான வவுச்சர் மேல் என்றார்கள். கடைசியில் சொன்னது முதலாளியம்மாவின் வாதமேதான், டாஸ்மாக் என்ற பெயர் மட்டும்தான் இல்லை.

பட்டறையில் ஒருவரும் கேட்காத கேள்வி, 'இது பலிக்குமா?' என்பது. அதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 878 ஊழியர்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், புகையை விடுவதற்குப் பல கட்டமாக மொத்தம் 750 டாலர் வரை தருவதாகச் சொன்னார்கள். வாய் வார்த்தையை நம்பவில்லை. உடலில் நிகோட்டின் தடயம் இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்த்தார்கள் (இளைஞனின் கேள்விக்கு இதுதான் விடை, ஆனால் பட்டறையில் அதற்கு வழியில்லை). ஏறத்தாழ ஓராண்டுக் கட்டத்தில், பணம் அறிவிக்கப்பட்டவர்களில் 14.7 சதவீதம் பேரும், தகவல் மட்டும் பெற்றவர்களில் 5 சதவீதம் பேரும் புகையை விட்டிருந்தார்கள். பணம் நின்று ஆறு மாதம் ஆனபின் அவை முறையே 9.4, 3.6 என்று இறங்கின. 'காசு நின்றால் பழையபடி ஆகிவிடுவார்கள்' என்று சொல்கிறவர் பாதி சரி. சிலர் திரும்பினார்கள், ஆனாலும் மிஞ்சியவர்கள் இரண்டரை மடங்குக்கு மேல். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கர்ப்பிணிகள் 612 பேரை வைத்து நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 400 பவுண்ட் வரை கடை வவுச்சர் அறிவிக்கப்பட்டவர்களில் 22.5 சதவீதம் பேரும் மற்றவர்களில் 8.6 சதவீதம் பேரும் விட்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு பக்கத்திலும் விடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

புகைக்கிறவர்கள் தரப்பில் அன்று சொல்லப்பட்ட ஒரு வாதத்தை நான் வேறு எந்த ஆய்விலும் பார்த்ததில்லை, அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. "மாலை போட்டா நாங்க காசில்லாமலே விடறோமே" என்றார்கள். உண்மைதான். கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டவுடன், நாளுக்கு இரண்டு கட்டு பீடி இழுத்தவரும், சாயங்காலமானால் தள்ளாடுகிறவரும் ஒரு மண்டலம் அதைத் தொடாமல் இருந்துவிடுகிறார்கள். கறுப்பு வேட்டியும் கழுத்து மாலையும் போதும். தெருவே அவரைச் சாமி என்று கூப்பிட்டுக்கொண்டு அவரைக் காவல் காக்கிறது. பரிசோதனைக்கூடம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே பலர் பழைய இடத்துக்குப் போய்விடுவதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே, பணத்தால் வந்த மாற்றம் மட்டுமே நிலைக்காது, மனத்தால் வந்தது நிலைக்கும் என்று இலகுவாகச் சொல்லிவிட இயலாது. கெடு வைத்த எந்தக் கட்டுப்பாட்டுக்கும் கெடு முடிகிற நாள்தான் கண்டம்.

இனி, பெரியவர் எழுப்பிய நியாயக் கேள்விக்கு வருகிறேன். என் கணிப்பில், நாம் பணம் கொடுப்பதை எதிர்ப்பதில்லை. வாங்குகிறவர் தம் குற்றத்தால் கெட்டவர் என்று நமக்குத் தோன்றினால் மட்டுமே எதிர்க்கிறோம். இதற்கு அந்தப் பெரியவரே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் அதே பட்டறையில் கம்பி இழுத்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு டி.பி. கண்டது. ஆறு மாதச் சிகிச்சை, மாத்திரை இலவசம். இந்த நோயில் ஆபத்தான கட்டம், இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறிவிட்டதாக நினைத்து மாத்திரையை நிறுத்துகிற கட்டம். நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரக்கூடும். அதனால் 2018 ஏப்ரல் முதல், சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தும் நிக்ஷய் போஷன் திட்டம் நாடு முழுவதும் நடக்கிறது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பையனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவரும், கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகிப் பணம் வராமல் நின்றபோது பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலைந்தவரும் இதே பெரியவர்தான். "அந்தப் பையனுக்குச் சேர வேண்டிய காசுங்க அது" என்று என்னிடம் அன்று வாதாடினார். பணம் வந்ததும் பையன் வாங்கியது தினம் இரண்டு முட்டையும், ஒரு முறை மட்டும், வீட்டுக்குத் தெரியாமல், கைபேசிக்கு ரீசார்ஜும். அதைப் பெரியவர் கண்டும் காணாதவர்போல இருந்துவிட்டார்.

அந்தப் பையன் பீடி குடிப்பவன். புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. பீடியால் பழுதான நுரையீரலுக்கு மாதம் 500 ரூபாய் வந்தபோது அது உரிமையாகத் தெரிந்தது. பழுதாகும் முன்பே பீடியை நிறுத்த 3,000 ரூபாய் என்றபோது அது அநியாயமாகத் தெரிந்தது. நான் இதைப் பெரியவரிடம் சொன்னேன். "அது நோய், இது கொழுப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நம் ஊரின் பொதுக் கருத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

தாய்மார்களுக்குக் கொடுப்பதைப் பற்றியோ இந்தச் சர்ச்சையே எழுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் சில நூறு ரூபாயுடன் தொடங்கி, 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாய் என்று வளர்ந்தது. ஏழை என்பதால் மட்டும் அந்தப் பணம் வந்துவிடாது. கர்ப்பத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், பரிசோதனைக்குப் போக வேண்டும், அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். ஒவ்வொரு தவணையும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஆரோக்கியமான நடத்தைக்குக் கூலி என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது, ஆனால் அப்படி யாரும் அதைப் பார்ப்பதில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் பெயரால் அந்தக் காசு சுத்தமாகிவிடுகிறது. 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் மதிப்புக்குச் சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய் முதலியவை அடங்கிய பெட்டகமாக வருகிறது. என் தங்கை வீட்டில் அந்த நெய் மூத்த பிள்ளையின் தோசைக்குப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். பொருளாகக் கொடுத்தால் திசை மாறாது என்பவர்கள் ஒரு வீட்டின் சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

பொருளுக்கு வேறொரு வலிமை உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு இதில் பிரசித்தம். குழந்தையை ஒவ்வொரு முறை தடுப்பூசிக்குக் கொண்டுவரும்போதும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகள். எதுவும் செய்யாத கிராமங்களில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். மாதந்தோறும் தவறாமல் முகாம் மட்டும் நடந்த கிராமங்களில் 18. முகாமோடு பருப்பும் சேர்ந்தபோது 39. கொரோனாக் காலத்தில் சென்னைக்கு அருகே கோவளத்தில் ஒரு தொண்டு நிறுவனம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பிரியாணியும் குலுக்கலில் தங்கக் காசும் கொடுத்ததும், அதே 2021-இல் நீலகிரியில் ஊசிச் சான்று காட்டினால்தான் மதுக்கடையில் பாட்டில் என்று உத்தரவு வந்ததும் நினைவிருக்கலாம். பிரியாணியைக் கேலி செய்தவர்கள் பாட்டில் உத்தரவுக்குக் கைதட்டினார்கள். கொடுப்பதை விடப் பிடுங்குவது நமக்குக் கண்ணியமாகத் தெரிகிறது.

உதய்ப்பூர்க் கணக்கில் பருப்பை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நடு எண். ஒரு பரிசும் இல்லாமல், முகாம் சொன்ன தேதியில் சொன்ன இடத்தில் நடந்ததற்கே 6 என்பது 18 ஆயிற்று. ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற என் மனைவியின் அக்காவுக்குச் சர்க்கரை நோய். முன்பெல்லாம் மாதா மாதம் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில், கார்த்திகை, மார்கழியில், அவர் போகவே மாட்டார். நாங்கள் சுகாதாரத்தைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, மாத்திரை வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்த பிறகு அவர் ஒரு மாதமும் விடவில்லை. அவரிடம் குறைவாக இருந்தது அக்கறை இல்லை, ஒரு நாள் கூலி. இத்தகையவர்களுக்குப் பரிசு அறிவிப்பது தேவையற்ற சுற்றுவழி. தடையை எடுத்துவிட்டால் போதும்.

அதே அக்காவுக்குக் கண்ணின் விழித்திரையை ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கண் பரிசோதனை வீட்டுக்கு வராது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்து, கண்ணில் மருந்து விட்டுக் காத்திருந்து, மங்கலான பார்வையோடு மறுபடி பஸ் ஏற வேண்டும். ஒரு பகல் முழுவதும், துணைக்கு வருகிறவருடைய கூலியும் சேர்த்துப் போய்விடும். இங்கே அந்தக் கூலியையும் பஸ் கட்டணத்தையும் அரசு கொடுத்தால் நான் கை தூக்குவேன். எனக்கு எதிரான சான்று ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்: லண்டனில், கண் பரிசோதனைக்கு நீண்ட காலம் வராமல் இருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு 10 பவுண்ட் அல்லது குலுக்கல் பரிசு தருவதாகக் கடிதம் அனுப்பிப் பார்த்தபோது, பரிசு சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களை விடக் குறைவாகவே வந்தார்கள். தங்களை விலைக்கு வாங்கப் பார்ப்பதாக நினைத்தார்களோ, அல்லது இதில் ஏதோ வலி இருக்கும், அதனால்தான் காசு தருகிறார்கள் என்று சந்தேகித்தார்களோ. ஆனால் இழந்த கூலியை ஈடு செய்வதும், கூலி எதையும் இழக்காதவருக்குச் சில்லறை நீட்டுவதும் ஒன்றாகாது என்றே நினைக்கிறேன்.

பணம் கொடுப்பதை எதிர்ப்பவர்களின் பக்கம் நான் முழுமையாகச் சாயும் இடமும் ஒன்று உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறவருக்கு 1950-களிலேயே பணம் கொடுக்கத் தொடங்கியது நம் மாகாணம்தான். ஆளைக் கூட்டி வந்தவருக்கும் பணம் உண்டு. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள், ரொக்கத்தையும் பொருள்களையும் பெற்றுக்கொண்டு, அறுவை செய்துகொண்டார்கள். ஐந்தாண்டு கழித்து, நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல் நாடு முழுவதும் ஆண், பெண் இருபாலரும் செய்துகொண்ட கருத்தடை அறுவைகள் 80 லட்சத்தைத் தாண்டின. அதற்குள் பரிசோடு மிரட்டலும் ஆள்பிடியும் சேர்ந்துகொண்டிருந்தன. அதிகாரிக்கு இலக்கும், இடைத்தரகருக்குத் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கும் வந்த கணமே, பஞ்ச காலத்தில் பசித்தவன் சொல்லும் சம்மதம் சம்மதமாக இருப்பதில்லை. பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் கெட்டிருந்த நம் சேலம் மாவட்டத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய காலத்தில், பெண் குழந்தையின் பெயரில் அரசு முதலீடு செய்யும் திட்டமும் வந்தது. நல்ல நோக்கம்தான், ஆனால் அதிலும் பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டது. இரத்தத்தை விலைக்குக் கொடுப்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் இந்தியா நிறுத்தியதற்கும் இதே அச்சம் ஒரு காரணம்: காசுக்காக உடம்பைக் கொடுக்கிறவர் தம் நோயை மறைப்பார், மறுக்க வேண்டிய இடத்திலும் மறுக்க மாட்டார். திரும்பப் பெற முடியாத எதற்கும் ஏழையிடம் விலை பேசக் கூடாது. பீடியை விடுவது அந்த வகையில் சேராது. விட்டவர் வேண்டுமானால் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம்.

வசதி உள்ளவர்கள் வாங்குவதை மட்டும் நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது எனக்கு எரிச்சலூட்டுவது. காந்தி மைதானத்தில் காலையில் நடக்கிறவர்களில் பலர் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டில், தினம் இத்தனை ஆயிரம் அடி நடந்தால் அடுத்த ஆண்டு பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. நடப்பதற்குக் கூலிதான் அது. அடி குறைந்துபோன நாளில் கைபேசியைப் பேரன் சட்டைப் பையில் போட்டு மாடியில் ஓடி விளையாட விட்டதாக ஒருவர் பெருமையாகவே சொன்னார். பட்டறைத் தொழிலாளி பீடியை ஒளித்துக் குடித்தால் ஏமாற்று, இது சாமர்த்தியம். துபாய் அரசு 2013-இல் குறைந்தது இரண்டு கிலோ எடை குறைத்தவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் தங்கம் கொடுத்தபோது அந்தச் செய்தியை எங்கள் தெருவில் எல்லோரும் வாய் பிளந்து படித்தோம், யாரும் அதை லஞ்சம் என்று சொல்லவில்லை. சேலத்தில் கிலோவுக்கு ஒரு ஜோடி கொலுசு என்று அறிவித்தால் வியாபாரமாவது நடக்கும் என்று முதலாளி சொன்னார்.

பட்டறைக்குத் திரும்புகிறேன். எதிர்ப்பைக் கண்ட முதலாளி வேறொரு யோசனை சொன்னார்: விட நினைப்பவர் வாரம் 100 ரூபாய் தம்மிடம் கட்ட வேண்டும், தீபாவளி வரை தாக்குப்பிடித்தால் இரட்டிப்பாகத் திரும்பும், தோற்றால் கோட்டை மாரியம்மன் உண்டியலுக்குப் போய்விடும். பெரியவர் இதை உடனே ஏற்றார், ஏனென்றால் இதில் கெட்டவன் தன் காசைப் பணயம் வைக்கிறான். புகைப்பவர்கள் ஏற்கவில்லை. "சீட்டுக் கட்டினா எடுக்கவாவது செய்யலாம், இதுல அம்மனுக்குக் கடன்பட்டு நிக்கணும்" என்றார்கள். உலக அனுபவமும் இதுவே. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 800 டாலர் பரிசு என்றபோது 90 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். அதில் 150 டாலரை முன்பணமாக நீங்களே கட்ட வேண்டும் என்றபோது சேர்ந்தவர்கள் 13.7 சதவீதம் பேர். கட்டத் துணிந்தவர்களிடம் அந்த முறை பரிசை விட நன்றாகப் பலித்தது என்றாலும், துணிந்தவர்கள் அவ்வளவு குறைவு என்பதால் மொத்தக் கணக்கில் பரிசே முந்தியது. டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற முறை 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பலித்ததற்குக் காரணம், அங்கே சேர்வதா வேண்டாமா என்று யாரையும் கேட்கவில்லை என்பதுதான். பீடியில் அப்படிச் செய்ய வழியில்லை. பார்ப்பவர்களுக்கு நியாயமாகத் தெரிகிற முறையில் புகைப்பவர்கள் சேர மாட்டார்கள், அவர்கள் சேருகிற முறை பார்ப்பவர்களுக்கு நியாயமாகத் தெரியாது என்ற இந்த முடிச்சைப் பெரிய ஆய்வாளர்களும் அவிழ்த்ததாகத் தெரியவில்லை.

பெரியவருக்கு நான் சொன்ன கணக்கு வேறு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அரசு பொறுப்பேற்கிறது. வாய்ப் புற்றுநோய்க்கும் இதய அடைப்புக்கும் போகிற பணம், நீங்கள் கடையில் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியிலிருந்தும் போகிறது. புகைக்காத நீங்கள் புகைப்பவனுக்காக ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். முன்கூட்டிக் கொடுத்தால் குறைவாகக் கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆஸ்பத்திரியில குடுக்கறது எனக்குக் கண்ணுல படாது, இங்க என் எதுக்க எண்ணிக் குடுப்பீங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசுகள் பலவும் இந்த வேலையைத் தள்ளுபடியாகவும் சலுகையாகவும் மறைத்துச் செய்வதற்கு அவர் சொன்னதுதான் காரணமாக இருக்கும்.

கடைசியில் அவர்களாகவே ஒரு வழிக்கு வந்தார்கள். பணம் தனி ஆளுக்கு இல்லை. ஒரு வரிசையில் உட்கார்ந்து வேலை செய்கிற ஐந்தாறு பேரும் தீபாவளி வரை தொடாமல் இருந்தால், புகைக்கவே புகைக்காதவர் உட்பட அந்த வரிசை முழுவதற்கும் கொடுப்பது. நான் மேலே சொன்ன 800 டாலர் பரிசு ஆய்வில் குழுவாகக் கொடுத்ததற்கும் தனித்தனியாகக் கொடுத்ததற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை, ஆகவே பலன் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவருக்கும் பங்கு வந்துவிட்டதால் அவருடைய முறையீடு அடங்கியது, சோதனைச்சாலையும் கிடைத்தது: டீக்குடிக்கப் போகிறவன் பின்னாலேயே அவரும் போகிறார். போன வாரம் அவருடைய வரிசையில் ஒருவன் ஆத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் ஒரு சிகரெட் குடித்ததைத் தானே ஒப்புக்கொண்டான். மாலை போட்டிருந்தால் கல்யாணத்துக்கே போயிருக்க மாட்டான் என்று ஒரு கட்சி, உண்மையைச் சொன்னவனைத் தண்டித்தால் அடுத்தவன் மறைப்பான் என்று இன்னொரு கட்சி. மொத்தப் பணத்தையும் பிடிக்கக் கூடாது, அவன் பங்கை மட்டும் பிடிக்க வேண்டும் என்று பெரியவர் சொல்கிறார். முதலாளி இன்னும் முடிவு சொல்லவில்லை.